மலை இருக்கு... காலில் பலமும் இருக்கு... சைக்கிள் எங்கே? பள்ளிப்பட்டு பசங்களுக்கு எட்டாத தேசிய போட்டி!

பள்ளிப்பட்டு:

சுற்றிலும் மலை. ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில். அரசுப் பள்ளியில் பிளஸ்-1 படிக்கும் பசங்க கையில் அரசு கொடுத்த இலவச சைக்கிள். இத்தனை இருந்தும் தேசிய மலை சைக்கிள் போட்டி என்றால் பள்ளிப்பட்டு பக்கத்து வாலிபர்களுக்கு ஏன் கனவாகவே இருக்கிறது? விசாரித்துப் பார்த்தால் சிக்கல் மலையில் இல்லை, மணிபர்சில்தான் இருக்கிறது.

இந்தப் போட்டிக்கு 'கிராஸ் கன்ட்ரி' என்று பெயர். தார் ரோட்டில் ஓட்டுவது அல்ல. கல்லு, மண்ணு, வேரு, பள்ளம் எல்லாம் உள்ள பாதையில் சுமார் 4 முதல் 6 கிலோ மீட்டர் சுற்று. அதையே திரும்பத் திரும்ப, சுமார் ஒன்றரை மணி நேரம் மூச்சு விடாமல் மிதிக்க வேண்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முதன் முதலாக சேர்த்தார்கள். இந்தியாவில் சைக்கிளிங் சம்மேளனம் தேசிய போட்டி நடத்துகிறது. 2023 அக்டோபரில் ஆசிய போட்டியே நம் பக்கத்து மாநிலமான கேரளாவில், பொன்முடி மலையில் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு தகுதி பெறும் போட்டியும் அதுதான்.

இமயமலை வேண்டாம்!

'நம்ம ஊர் குன்றில் பழகி என்ன ஆகப்போவுது' என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி நடந்த எலான்கூர் குன்றின் உயரம் கடல் மட்டத்தில் இருந்து வெறும் 231 மீட்டர். அந்த பாரிஸ் வட்டாரத்தில் அதுதான் பெரிய உயரம்! பள்ளிப்பட்டு, நகரி பக்கத்து மலைகளைப் பார்த்தவர்களுக்கு சிரிப்பு வரும். உயரத்தை விட ஏற்ற இறக்கமும் கரடுமுரடும்தான் முக்கியம். அது இங்கே தாராளமாக கிடைக்கும். காப்புக்காடு என்றால் மட்டும் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. மாட்டினால் கேஸ்தான்.

அதே போட்டியில் இங்கிலாந்து வீரர் டாம் பிட்காக்குக்கு நடுவழியில் டயர் பஞ்சர். சக்கரம் மாற்றியதில் அரை நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. ஆனாலும் கடைசி சுற்றில் பிரான்ஸ் வீரரை முந்தி தங்கம் அடித்தார். காலில் பலம் இருந்தது நிஜம். ஆனால் சக்கரத்தோடு ஆள் காத்துக்கொண்டு நின்றதும் நிஜம். நம்ம பையனுக்கு பஞ்சர் ஆனால் சக்கரத்தோடு யார் நிற்பார்கள்?

இன்னொரு விதி கொடுமையானது. முதல் சுற்றில் முன்னால் போகிறவர் எடுத்த நேரத்தில் 80 சதவீதம் அளவுக்கு பின்தங்கினால் நடுவிலேயே வெளியேற்றி விடுவார்கள். அதாவது முதல் ஆள் 15 நிமிடத்தில் சுற்றை முடித்தால், அவரை விட 12 நிமிடம் பின்னால் போனவர் அவுட். மட்ட சைக்கிளை வைத்துக்கொண்டு 'எப்படியாவது முடிச்சிடுவேன்' என்பதற்கு இங்கே இடமே இல்லை.

35 சதவீத வரி

இலவச சைக்கிள் பள்ளிக்கூடம் போய் வர அருமையான வண்டி. 2001-ல் தொடங்கிய திட்டம், எத்தனையோ ஏழைப் பெண்களை பிளஸ்-2 முடிக்க வைத்தது. ஆனால் அதில் கியர் கிடையாது, முன்பக்க ஷாக் அப்சர்பர் கிடையாது. மலை இறக்கத்தில் அதை நம்பி இறங்குவது தற்கொலைக்கு சமம்.

போட்டிக்கு ஏற்ற சைக்கிள் என்றால் சாதாரணமானதே அரை லட்சம், ஒரு லட்சம் என்று போகும். கார்பன் பிரேம் என்றால் பல லட்சம். விசைத்தறி கூலியை வாராவாரம் எண்ணி வாங்கும் வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கவே முடியாது.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12-ல் இருந்து 5 சதவீதமாக குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் வெளிநாட்டு சைக்கிளுக்கு இறக்குமதி வரியை 2023 பட்ஜெட்டில் 30-ல் இருந்து 35 சதவீதமாக ஏற்றினார்கள். 2025 பட்ஜெட்டில் அதை 20, 15 என்று இரண்டாகப் பிரித்தார்களே தவிர, கூட்டினால் அதே 35 தான். உள்ளூர் கம்பெனிகளை காப்பாற்ற இந்த வரி என்கிறார்கள். சரி. 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் ஒரு காலத்தில் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. சைக்கிள் செய்த மாவட்டத்துப் பையனுக்கு ரேஸ் சைக்கிள் இல்லை!

சம்பளம் வாங்கும் போட்டியாளர்கள்

பலருக்கும் தெரியாத விஷயம் இது. தேசிய அளவிலான சைக்கிள் போட்டிகளில் மாநில அணிகள் மட்டும் வருவதில்லை. ராணுவம், ரெயில்வே ஆட்களும் வருவார்கள். அவர்களுக்கு மாத சம்பளம், பயிற்சியாளர், சாப்பாடு எல்லாம் உண்டு. காலையில் தறி ஓட்டிவிட்டு மாலையில் பயிற்சி எடுப்பவன் அவர்களோடுதான் மோத வேண்டும்.

ஆனாலும் மோதிப் பார்க்க காரணம் இருக்கிறது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உள்ளது. எந்தப் போட்டி கணக்கில் வரும் என்பதை அரசாணையில் பார்த்துக்கொள்வது நல்லது. 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை மூலம் போட்டிக்கு போக வர செலவு, உபகரணம் வாங்க உதவி கேட்கலாம். திறமையை காட்டிய பிறகே உதவி என்றால், காட்டுவதற்கு முதல் சைக்கிள் யார் தருவது? மாவட்டத்துக்கு நாலு ரேஸ் சைக்கிள் வாங்கி பொதுவில் வைத்து பசங்களுக்கு பயிற்சிக்கு கொடுத்தால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. கிரிக்கெட் மைதான கேட்டுக்கு ஆகும் செலவு கூட இல்லை.

போக விரும்புபவர்கள் மாநில சைக்கிள் சங்கம் நடத்தும் தேர்வில் கலந்து, மாநில அணியில் இடம் பிடிக்க வேண்டும். 17, 18 வயது ஜூனியர் பிரிவு. 19 முதல் 22 வரை அடுத்த பிரிவு. அதாவது பிளஸ்-1, பிளஸ்-2 படிக்கும் காலத்தில்தான் ஜூனியர் வாய்ப்பு. வயதை அந்த ஆண்டு டிசம்பர் 31-ந்தேதியை வைத்து கணக்கிடுவார்கள். எனவே ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில்தான் ஓட்ட வேண்டும்.