துண்டைக் கட்டியது யார்?

பெரிய வியாழனன்று ஆலயங்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிறது. "எந்த வேலையும் இழிவல்ல" என்று பிரசங்கமும் கேட்கிறோம். ஆனால் யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு அடிமையின் வேலையைப் புகழ்ந்துவிட்டு உட்காரவில்லை. போதகராக இருந்தவரே துண்டைக் கட்டிக்கொண்டு அதைச் செய்தார்.

சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. குப்பையும் சாக்கடை அடைப்பும் இன்னும் பெரும்பாலும் நம் மக்கள் தலையில்தான். பாதுகாப்பின்றி மலக்குழியில் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது.

தோழர்களே, பொன்னாடை போதாது. உங்கள் ஆலயத்தின் கழிவறையைக் கழுவுவது யார், அவருக்கு என்ன சம்பளம் என்று இந்த ஞாயிறே கேளுங்கள்.