பத்துக்கு இடமா? ஏழு வாங்குங்கள்!

கோழி வளர்க்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ‘எத்தனை கோழி?’ கூடு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் கொல்லையில் இருப்பது பாட்டி காலத்துக் கூடு. நாலடிக்கு ஐந்தடி, செங்கல் சுவர், மேலே நாட்டு ஓடு. போன கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து மொத்தக் கோழியும் போனபிறகு சும்மா கிடந்தது. கதவுச் சட்டத்தின் வெடிப்பில் கத்தி முனையை விட்டுச் சுரண்டினேன். சாம்பல் போலக் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. உற்றுப் பார்த்தால், தூள் நடக்கிறது! கோழிச்செள்ளு. பகலில் இடுக்கில் பதுங்கி, இரவில் கோழியின் ரத்தம் குடிக்கிற ஜாதி. கோழியே இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். சட்டத்தைக் கழற்றி அடுப்புக்குக் கொடுத்தோம். பழைய எருவை வழித்தெடுத்து, வெடிப்புகளைச் சிமெண்டால் பூசி, இரண்டு கை சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டோம்.

அடுத்தது வலை. கடையில் கோழிவலை என்று தருகிற அறுகோண வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். கீரியும் சாரைப்பாம்பும் உள்ளே வருவதைத் தடுக்காது. அரை அங்குலக் கட்டம் போட்ட வெல்டு மெஷ்தான் சரி. விலை கூடுதல்தான். ஆனால், மரநாய் ஒரே ராத்திரியில் ஏற்படுத்தும் நஷ்டத்துக்கு முன் அது ஒன்றுமில்லை.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். பகலெல்லாம் மேய்கிற கோழிக்கும் இரவில் அடைய ஆளுக்கு இரண்டு சதுர அடி வேண்டும். எங்கள் கூடு இருபது சதுர அடி, ஆக, பத்து. “பத்தும் வாங்கிடலாமே” என்றேன். “குஞ்சு பொரிச்சா அதை உன் தலையிலயா அடைப்ப?” என்றார் அம்மா.

அதுதான் விஷயம். நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். இருபத்தோரு நாளில் குஞ்சு. ஒரே ஒரு பெட்டையை அடை வைத்தாலே கூட்டில் தலைக்கணக்கு இரட்டிப்பாகிவிடும். பொரித்ததில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும் எனும்போது, மிச்சச் சேவல்களை விற்பதா, குழம்பு வைப்பதா என்று அடை வைக்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். குழந்தைகள் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் கத்தி எடுக்க முடியாது.

முட்டைக் கணக்கையும் பாருங்கள். நாமக்கல் பண்ணையின் வெள்ளைக்கோழி வருடத்துக்கு 300 முட்டை இடும். நாட்டுக்கோழி 60, 70 இட்டாலே பெரிது. ஆறு பெட்டை இருந்தால் சராசரியாக தினம் ஒரு முட்டை. வீட்டுக்கு அது போதும். ஆறு பெட்டை, ஒரு சேவல். மிச்ச மூன்று இடம், இனி வளரப்போகிற விடைகளுக்கு. குஞ்சுகளுக்குப் பஞ்சாரம் இருக்கவே இருக்கிறது.

சந்தையில் வாங்கி வந்ததை அன்றைக்கே கூட்டில் அடைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தபிறகு மருந்து கிடையாது, முன்கூட்டியே போடும் தடுப்பூசி மட்டும்தான். கால்நடைப் பராமரிப்புத் துறை வருடந்தோறும் பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி, இலவசமாகவே போடுகிறது. ஏழு கோழிதானே என்று வெட்கப்படாமல் கூடையோடு போய் நில்லுங்கள்.