ஒரு மீனுக்கு இருபது வள்ளமா?

போன லீவுல தேங்காய்ப்பட்டணம் போயிருந்தேன். தெரிஞ்ச அண்ணனோட கம்ப்யூட்டர் சென்டர்ல இருபது உபுண்டு மெஷின். ஒவ்வொண்ணும் அதே 300 எம்பி அப்டேட்டைத் தனித்தனியா இறக்குது. மொத்தம் 6 ஜிபி! நெட் படுத்துடுச்சு, வெறுத்துப்போய் அப்டேட்டையே நிறுத்திட்டாரு. ஏன்யா, ஒரு மீனுக்கு இருபது வள்ளமா இறக்குவோம்?

ஒரு பழைய மெஷின்ல ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு, மத்ததையெல்லாம் 3142 போர்ட்டுக்குத் திருப்பினா மேட்டர் ஓவர். ஒருதடவை இறக்கினதை மீதி பத்தொன்பதும் உள்ளூர் வயர்லயே வாங்கிக்கும்.

"நடுவுல ப்ராக்சி வச்சா பாதுகாப்பு என்னாகும்?"னு நம்ம பொட்டிதட்டும் நண்பர்கள் கிளம்புவாங்க. ஆப்ட் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்துதான் பொதியை ஏத்துக்கும் சாமிகளா. நடுவுல எவன் கைவச்சாலும் கண்டுபிடிச்சிடும்.

நிஜமான ஆபத்து அப்டேட்டை நிறுத்துறதுலதான். 2017 மார்ச்சுல மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைச்சுது. மே மாசம் வான்னாக்ரை அடிச்சப்ப, அதைப் போடாத மெஷின்கள் மாட்டிச்சு. அது விண்டோஸ் கதைதான், பாடம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அந்த சென்டர்லதான் ஊர்ப் பிள்ளைங்க பரீட்சைக்கும் வேலைக்கும் விண்ணப்பம் போடுதுங்க.

பெரிய பிளானுக்கு மாறச் சொல்றதுக்கு முன்னாடி, அரைமணி நேரம் உக்காந்து ஒரு ப்ராக்சி போட்டுக் குடுங்க. நான் போட்டுக் குடுத்துட்டேன். நீங்க?