மீன் பிடித்துத் தரும் பறவை!

ஜப்பான் நாட்டில் கிபு என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. 1567-ம் ஆண்டில் இந்த ஊரைப் பிடித்த ஓடா நொபுநாகா என்ற படைத்தலைவர் வைத்த பெயர் அது. மலை மேலே கோட்டை. மலை அடியிலே நாகரா ஆறு.

இந்த ஆற்றில் வலை வீசாமல், தூண்டில் போடாமல் மீன் பிடிக்கிறார்கள். பிடித்துத் தருவது பறவை! நீர்க்காகம் என்னும் பறவை!

1,300 ஆண்டுகளாக இந்தத் தொழில் நடந்து வருகிறது. மே 11-ந் தேதி முதல் அக்டோபர் 15-ந் தேதி வரை, இரவு நேரத்தில் இதைப் பார்க்கலாம்.

படகின் முன்னால் ஓர் இரும்புக் கூடை. அதில் விறகு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் மீன்கள் மிரண்டு ஓடுகின்றன. பறவைகள் முங்கிப் பிடிக்கின்றன. பத்துப் பறவைகளின் கயிறுகளையும் ஒரே ஆள் சிக்காமல் பிடித்துக்கொள்கிறார்!

பறவையின் கழுத்தில் ஒரு கட்டு உண்டு. சின்ன மீன் உள்ளே போய்விடும். பெரிய மீன் தொண்டையில் நின்றுவிடும். அதை மீனவர் எடுத்துக்கொள்வார்.

"ஐயோ, பாவம்!" என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லவேண்டியதுதான். கடற்கரையில் சுதந்திரமாகத் திரிந்த பறவைதானே அது! ஆனால் மீனவர் அதைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்க்கிறார். தினமும் உடம்பைத் தடவிப் பார்க்கிறார். பறவை நோயில் விழுந்தால், அவர் பிழைப்பும் விழுந்துவிடும்.

கிபுவில் இந்த மீனவர்கள் ஆறு பேர். அப்பனுக்குப் பின் மகன் என்று வருகிறார்கள். ஆறு பேரும் அரண்மனை ஊழியர்கள்!

அரண்மனை ஆதரவு மட்டும் போதுமா? போதாது!

இங்கே பிடிபடும் மீனுக்கு 'ஆயு' என்று பெயர். அது ஆற்றில் பிறக்கிறது. குஞ்சாகக் கடலுக்குப் போகிறது. வசந்த காலத்தில் திரும்பி ஆற்றில் ஏறுகிறது. 1995-ம் ஆண்டு முதல் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு தடுப்பணை இயங்குகிறது. மீன் ஏறுவதற்குத் தனி வழி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த அணை வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை ஓயவில்லை.

மீனவர் இருக்கலாம். பறவை இருக்கலாம். ஆற்றில் மீன் இல்லாவிட்டால்? தீ எரியும், வேடிக்கை நடக்கும், தொழில் இருக்காது!

கிபுவுக்குப் போகிறவர்கள் இரவில் தீயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. பொழுது விடிந்ததும் ஆற்றையும் பார்க்கவேண்டும். 1,300 ஆண்டுகளாகச் சோறு போட்டது அந்த ஆறுதான்!