நடன இசைக்கு எந்த மென்பொருள்?
சொந்தமா, வாடகையா? அதுதான் இன்றைய கேள்வி!

2013-ம் ஆண்டு. ஹாலந்து நாட்டில் ஒரு வாலிபர். பெயர் மார்ட்டின் காரிக்ஸ். வயது 17.

அந்த ஆண்டு ஜூன் மாதம் அவருடைய "அனிமல்ஸ்" என்ற இசை வெளிவந்தது. பாட்டு என்று சொன்னாலும் அதில் பாடல் வரிகள் இல்லை என்றே சொல்லலாம். தாளமும் மெட்டும்தான். நவம்பரில் அது இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்துவிட்டது!

அவரிடம் பெரிய வாத்தியக்குழு இல்லை. ஒரு கம்ப்யூட்டரும், "எப்.எல். ஸ்டூடியோ" என்ற மென்பொருளுமே அவருடைய முக்கியக் கருவிகள்.

இப்படிப்பட்ட வெற்றிகளைப் பார்த்த பிள்ளைகள் இன்று பல வீடுகளில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நானும் நடன இசை செய்யப்போகிறேன். எந்த மென்பொருள் வாங்குவது?"

பெற்றோர் விழிக்கிறார்கள். கடையில் ஒன்று இரண்டு அல்ல, பத்துக்கு மேல் இருக்கின்றன. விலையும் பலவிதம்.

என்ன வேலை செய்யும்?

எலெக்ட்ரானிக் நடன இசைக்கு உயிர் தாளம். "ஹவுஸ்" என்ற வகையில் நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 130 அடிகள் விழும். ஒவ்வோர் அடிக்கும் பெரிய முரசு ஒலிக்கும். ஆடுகிறவர் கால் அதைப் பற்றிக்கொள்ளும்.

மென்பொருளின் திரையில் கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தைத் தொடுகிறோமோ, அந்த நேரத்தில் முரசு விழும். இன்னொரு வரியில் ஜால்ரா போன்ற ஒலி. அதற்கு மேல் ஒரு வரியில் மெட்டு. வரிகளை அடுக்கி அடுக்கி ஐந்து நிமிட இசையாக்கலாம். பிழை வந்தால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். முரசு, பியானோ, வயலின் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கின்றன.

யார் செய்தது?

எப்.எல். ஸ்டூடியோ பெல்ஜியம் நாட்டில் பிறந்தது. இமேஜ்-லைன் என்ற கம்பெனி 1990-களின் கடைசியில் அதைக் கொண்டுவந்தது. முதலில் அதன் பெயர் "புரூட்டி லூப்ஸ்". அமெரிக்காவில் ஏறக்குறைய அதே பெயரில் குழந்தைகள் காலையில் சாப்பிடும் தானியப் பண்டம் ஒன்று உண்டு! வம்பு எதற்கு என்று 2003-ல் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

"ஏபிள்டன் லைவ்" ஜெர்மனியின் பெர்லின் நகரத்துச் சரக்கு. 2001-ல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் கெர்ஹார்ட் பேலஸ், ராபர்ட் ஹென்கே இருவரும் மேடையில் எலெக்ட்ரானிக் இசை வாசித்தவர்கள். ஆகவே மேடையில் நின்றபடியே இசைத் துண்டுகளை மாற்றி மாற்றி இயக்க அது வசதியானது.

"கியூபேஸ்" இவற்றுக்கு மூத்தது. ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் கம்பெனி 1989-ல் வெளியிட்டது. "லாஜிக் புரோ" ஆப்பிள் கம்பெனியுடையது. ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும்.

எது சிறந்தது?

இசைக்காரர்கள் இதற்காக ஓயாமல் சண்டை போடுகிறார்கள். ஆனால் சண்டைக்கு அவசியமே இல்லை.

ஸ்காட்லாந்து நாட்டு இசைக்காரர் கால்வின் ஹாரிஸ் கதையைப் பாருங்கள். 2007-ல் அவருடைய முதல் இசைத் தொகுப்பு வெளிவந்தது. அதை அவர் செய்தது "அமிகா" என்ற பழைய கம்ப்யூட்டரில். அமிகாவைச் செய்த கமடோர் கம்பெனி 1994-லேயே திவாலாகிவிட்டது! அப்படியும் தொகுப்பு பேர் வாங்கிற்று. ஹாரிஸ் உலகப் புகழ் பெற்றார்.

ஆகவே நல்ல மெட்டு எந்த மென்பொருளிலும் பிறக்கும். கெட்ட மெட்டும் அப்படியே! கைக்கு எது பழகுகிறதோ, அதுவே சிறந்தது.

அப்படியானால் தேர்ந்தெடுக்கும்போது எதைத்தான் பார்ப்பது? சொந்தமா, வாடகையா என்பதைப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில்தான் இப்போது பெரிய இழுபறி நடக்கிறது.

வாடகை வந்த விதம்

முன்பெல்லாம் மென்பொருளை ஒரு தடவை பணம் கொடுத்து வாங்குவார்கள். அதோடு சரி. இப்போது பல கம்பெனிகள் மாதா மாதம் பணம் கேட்கின்றன.

ஆப்பிள் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேக் கம்ப்யூட்டருக்கான லாஜிக் புரோவை ஏறக்குறைய 200 டாலருக்கு ஒரே தடவையாக வாங்கலாம். அதே லாஜிக் புரோ 2023-ல் ஐபேடுக்கு வந்தபோது, வாடகைக்குத்தான் வந்தது.

அதே 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு ரகளை நடந்தது. இசை மென்பொருளோடு ஒட்டி வேலை செய்யும் துணைக் கருவிகளை விற்பது இஸ்ரேல் நாட்டு வேவ்ஸ் கம்பெனி. "இனிமேல் விற்பனை இல்லை, வாடகை மட்டுமே" என்று அது அறிவித்தது. உலகமெங்கும் இசைக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். சில நாட்களுக்குள் கம்பெனி இறங்கி வந்தது. பழையபடி விலைக்கும் தருவதாகச் சொல்லிவிட்டது. வாங்குகிறவர்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு இது சாட்சி.

வாடகையில் நன்மையே இல்லையா? உண்டு. கையில் சிறு தொகை இருந்தால் போதும், உடனே தொடங்கலாம். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். கம்ப்யூட்டர்கள் மாற மாற மென்பொருளையும் திருத்த வேண்டும். அதற்குக் கம்பெனிக்கு நிலையான வருமானம் வேண்டும் என்பதும் நியாயமே.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 10 டாலர் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 120. ஐந்து ஆண்டில் 600. பிறகு நிறுத்தினால், கையில் என்ன மிஞ்சும்? ஒன்றுமில்லை. அது மட்டுமா? ஐந்து ஆண்டாகச் செய்த இசையைத் திறந்து திருத்துவதற்கும் வழியில்லாமல் போகலாம். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் சாமான்களையாவது எடுத்துக்கொண்டு போவார். இங்கே சாமானும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்!

"ஆயுள்" யாருடையது?

சொந்தமாக வாங்கினால் கவலை இல்லையா? அங்கும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

அமெரிக்காவின் கேக்வாக் கம்பெனி "சோனார்" என்ற மென்பொருளை விற்றுவந்தது. 2016-ல் "ஆயுள் முழுவதும் புதிய திருத்தங்கள் இலவசம்" என்று அறிவித்தது. பலர் நம்பிப் பணம் கட்டினார்கள். மறு ஆண்டு, 2017 நவம்பரில், அதன் உரிமையாளரான கிப்சன் கிட்டார் கம்பெனி அந்த வேலையையே நிறுத்திவிட்டது. வாங்கியவர் ஆயுள் முடியவில்லை. விற்றவர் ஆயுள் முடிந்தது!

2018-ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் கம்பெனி அதை வாங்கி, இலவசமாகவே கொடுத்தது. பிறகு 2023-ல் அதன் இடத்தில் புதிய மென்பொருள் வரும் என்று அறிவித்தது.

எப்.எல். ஸ்டூடியோவும் ஆயுள் முழுவதும் புதிய பதிப்புகள் இலவசம் என்றுதான் விற்கிறது. பல ஆண்டுகளாக அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் வருகிறது. இருந்தாலும் எந்த வாக்குறுதியும் அதைக் கொடுத்தவர் இருக்கும் வரைதான் என்பதை மறக்கக்கூடாது.

வாங்குவதற்கு முன்பு

முதலில் சும்மா கிடைப்பதில் பழகலாம். ஆப்பிள் கருவி இருந்தால் "கராஜ்பேண்ட்" இலவசம். மற்றவர்களுக்கு "எல்.எம்.எம்.எஸ்." இலவசம். குறைந்த செலவு என்றால் "ரீப்பர்" இருக்கிறது. 60 நாள் பார்த்துவிட்டு, சொந்த உபயோகத்துக்கு 60 டாலர் கொடுத்தால் போதும்.

எப்.எல். ஸ்டூடியோவை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அதில் சேமித்த வேலையை மறுபடி திறக்கப் பணம் கட்ட வேண்டும். இது தெரியாமல் ராத்திரி பூராவும் உழைத்தவர் காலையில் ஏமாந்துபோவார்!

பதிப்புகளையும் கவனிக்க வேண்டும். ஏபிள்டன் லைவ் மூன்று விலையில் வருகிறது. மலிவானதில் சில வசதிகள் இராது. தொடங்குகிறவருக்கு அதுவே போதும்.

எல்லாவற்றிலும் முக்கியம் இது: ஓர் இசை முடிந்ததும் முரசைத் தனியாக, மெட்டைத் தனியாக, ஒவ்வொரு வரியையும் "வேவ்" கோப்பாக எடுத்து வைத்துவிட வேண்டும். அந்தக் கோப்பை எந்த மென்பொருளும் திறக்கும். நாளை கம்பெனி மூடினாலும், வாடகை நின்றாலும், உழைப்பு கைவிட்டுப் போகாது.

கமடோர் திவாலாகி 13 ஆண்டு கழித்தும் கால்வின் ஹாரிசின் அமிகா வேலை செய்தது. காரணம், அது அவருடைய மேசையில் இருந்தது. மாத வாடகை கேட்டு யாரும் அதைப் பூட்ட முடியவில்லை.

மென்பொருள் யாருடையதாகவும் இருக்கட்டும். செய்த இசை, செய்த பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.