‘அதே மருந்து’ என்பதும் ஒரு முடிவே

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தைராய்டு குறைபாடு, வலிப்பு போன்ற நோய்களுக்காகப் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோருக்குப் பெரும்பாலும் சென்ற முறை எழுதிய மருந்துகளே மீண்டும் எழுதப்படுகின்றன. கையால் எழுதிய காலத்தில் மருத்துவர் ஒவ்வொரு பெயரையும் புதிதாக எழுதினார். மின்னணு மருத்துவப் பதிவேட்டில் பழைய பட்டியல் முழுவதையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துவிடலாம். கையெழுத்து புரியாத குழப்பம் நீங்கியது. காத்திருக்கும் நேரமும் குறைகிறது. இவ்வசதியை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும், புதுப்பிப்பது எளிதாகிவிட்டது என்பதற்காக, சீர்தூக்கிப் பார்ப்பது விடுபட்டுப் போகக் கூடாது.

கணினி தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அறியும். அம்லோடிபின் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாக உயர்த்தும்போது, பழைய அளவை நிறுத்தியதையும் பதிய வேண்டும். இல்லையேல் இரண்டும் பட்டியலில் நிற்கும். நோயாளி இரண்டையும் விழுங்கும் நிலை வரும். வலி மாத்திரையோடு சில நாள்களுக்கென எழுதிய பான்டோபிரசோல், வலி தீர்ந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் தொடரலாம். இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தியவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்து எவ்வளவு காலம் தேவை என்பதை மருத்துவர் வகுக்கிறார். அக்கெடு பதிவேட்டில் இல்லையெனில் எவருக்கும் நினைவிராது.

முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் உட்கொள்ள வேண்டியது. அது ‘தினமும்’ எனத் தவறாகப் பதிவானால் உயிருக்கே ஆபத்து. தொடர் மருந்தில் புகுந்த பிழை, திருத்தப்படும் வரை ஒவ்வொரு புதுப்பித்தலிலும் திரும்ப வரும்.

மருந்து மாறாவிட்டாலும் உடல் மாறுகிறது. சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்தால் மெட்பார்மின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரும். வார்பரின் உட்கொள்வோருக்கு ஐ.என்.ஆர். பரிசோதனையே அளவைத் தீர்மானிக்கிறது. பரிசோதனை முடிவைப் பாராமல் இவற்றைப் புதுப்பித்தல் முறையாகாது.

அப்படியானால் தொடர் மருந்துப் பதிவே வேண்டாம் என்பதா? அதுவும் தீங்கே. வலிப்பு மாத்திரை திடீரென நின்றால் வலிப்பு மீண்டும் வரும். மாத்திரைக்காக மட்டும் மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பது பலருக்கு இயலாது. எனவே நாங்கள் கோருவது இதுதான்: ஒவ்வொரு தொடர் மருந்தோடும் அது எந்த நோய்க்கு, எந்த நாள் வரை, அடுத்த பரிசோதனை எப்போது என்னும் மூன்று விவரங்களும் பதியப்பட வேண்டும், நோயாளியின் கைக்கு வரும் சீட்டிலும் அவை தமிழில் அச்சாக வேண்டும். இதற்கு மருத்துவருக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும் என்பது உண்மை. கூட்டம் மிகுந்த நாளில் அது சிறிய சுமையன்று. ஆனால் தவறான மருந்தால் வார்டில் கழியும் நாள்களோடு ஒப்பிட்டால் அந்நிமிடங்கள் மிகக் குறைவு. தவிர்க்கக்கூடிய மருந்துத் தீங்குகளைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு உலகளாவிய முயற்சியைத் தொடங்கியதும் இத்தகைய தீங்குகளைக் கருதியே.

இதில் நோயாளிக்கும் உடனிருந்து கவனிப்போருக்கும் பங்குண்டு. மருத்துவமனைக்கு வரும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். கடையில் தாமாக வாங்கிய வலி மாத்திரையும் சித்த மருந்தும் அதில் இருக்கட்டும். வெவ்வேறு வணிகப் பெயர்களில் ஒரே மருந்து இருப்பின் மருந்தாளுநர் கண்டுகொள்வார். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே புதுப்பிக்க வாருங்கள். ஐயம் எழுந்தால் கேளுங்கள். கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

‘இந்த மாத்திரை எனக்கு இன்னும் தேவையா, டாக்டர்?’ என்று கேட்கப் பலர் தயங்குகின்றனர். மருத்துவர் மனம் புண்படுமோ என அஞ்சுகின்றனர். அக்கேள்வி மருத்துவரின் வேலைக்குத் துணை செய்வதாகும். பட்டியலைக் கணினி காத்து வைக்கும். அதிலுள்ள மருந்தை நாள்தோறும் உட்கொள்பவர் நீங்கள். உங்கள் கேள்விக்கு விடை கிடைத்த பின்பே ‘அதே மருந்து’ மீண்டும் எழுதப்பட வேண்டும்.