‘பிரைவேட் பீச்’ யாருடையது?



கோடை விடுமுறை நெருங்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ‘பீச் ஹவுஸ் வாடகைக்கு’ விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. பனையூர், உத்தண்டி, கானாத்தூர் என்று தொடங்கி மாமல்லபுரத்தைத் தாண்டியும் இந்த வீடுகள் இருக்கின்றன. நீச்சல்குளம் உண்டு, ஜெனரேட்டர் உண்டு, சமையல்காரர் உண்டு, கூடவே ‘பிரைவேட் பீச்’சும் உண்டு என்கிறது விளம்பரம். முதல் மூன்றையும் உரிமையாளர் தாராளமாக வாடகைக்கு விடட்டும். நான்காவது அவருடைய சொத்தே அல்ல.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-ல் வந்தது. 2019-ல் திருத்தி மறுபடியும் வந்தது. கடலோர விடுதிகளுக்கான நிபந்தனைகள் இரண்டின் பிற்சேர்க்கையிலும் இருக்கின்றன. இரண்டு விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போய்வரக் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடம் விட வேண்டும். வேலி போடலாம், ஆனால் அது வழியை மறிக்கக் கூடாது. மணல்மேடுகளைச் சமப்படுத்தக் கூடாது.

20 மீட்டர் என்றால் பேருந்து ஒன்று தாராளமாகப் போய்வரலாம். நேரில் போய்ப் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பதோ, இரண்டு காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து. சுவர் மேல் உடைந்த பாட்டில் சில்லுகள், சந்தின் கடைசியில் பூட்டிய இரும்பு கேட். உள்ளே அடும்பங்கொடி படர்ந்திருந்த மேட்டை வழித்தெடுத்துப் புல்தரை போட்டிருப்பார்கள். “இது பிரைவேட் சார், அந்தப் பக்கம் போங்க” என்பார் வாட்ச்மேன். எந்தப் பக்கம் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. பாவம், அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏட்டில் குடியிருப்பாகவும் நடப்பில் விடுதியாகவும் இருக்கும் வீடுகளின் உரிமையாளர்கள், விடுதிக்கான விதி தங்களுக்குப் பொருந்தாது என்று சாதிப்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. வாடகை வாங்கும்போது மட்டும் விடுதி!

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வலையையும் மீன்கூடையையும் சுமந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக அந்த வழியில் நடந்த மீனவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்திறங்கும் குடும்பங்கள், எங்கே திறந்திருக்கிறதோ அங்கே இறங்குகின்றன. அது முகத்துவாரமாக இருக்கலாம், கல் கொட்டிய இடமாக இருக்கலாம். உயிர்காப்பாளர் கிடையாது, எச்சரிக்கைப் பலகையும் கிடையாது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிவதில்லை. அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும் இடத்தைக் கண்டால் யாருக்கும் பயம் வரும். இரண்டு நுரைக்கு நடுவே கொஞ்ச தூரம் அலையே இல்லாமல், தண்ணீர் சற்றுக் கறுத்து, சாதுவாகத் தெரியும். “இங்கே அலை இல்லை, இங்கே இறங்கு” என்று அப்பா பிள்ளையை இறக்கிவிடுவது அங்கேதான். கரையில் வந்து குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடும் பாதை அது. அந்த இழுப்பை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துபவர் களைத்து மூழ்குகிறார். பதறாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகினால் இழுப்பு விட்டுவிடும். இந்தக் கரை சரிவு மிகுந்தது, சில எட்டு வைப்பதற்குள் ஆழம் வந்துவிடும். போதாக்குறைக்கு, தென்மேற்குப் பருவக்காற்றில் மணல் வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. போன வருஷம் பிள்ளைகள் விளையாடிய இடம்தானே என்று நம்பி இறங்க முடியாது. இதெல்லாம் மீனவக் குப்பத்து இளைஞர்களுக்கு அத்துப்படி. யாராவது சிக்கிக்கொண்டால் முதலில் குதிப்பவர்களும் அவர்களே.

அரசுக்கு வழி தெரியாமல் இல்லை. கோவளம் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அதே ஆண்டு புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரையும் பெற்றது. தண்ணீரின் தூய்மை, கழிப்பறை, உயிர்காப்பாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று 33 அளவுகோல்களில் தேறினால்தான் அந்தக் கொடி; அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மெச்சத்தக்க வேலைதான். ஆனால் கொடி பறக்கும் அந்தத் துண்டுக்கு வெளியே இருக்கும் கரைகளுக்கும் குழந்தைகள் வரத்தானே செய்கிறார்கள்? கோவா அரசு 2008 முதல் தன் கடற்கரைகளில் ஒப்பந்த அடிப்படையில் உயிர்காப்பாளர்களை நிறுத்தியிருக்கிறது. எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது என்று கொடி நட்டுக் காட்டுகிறார்கள். நம் குப்பத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால் இங்கே ஆளுக்கா பஞ்சம்?

கட்டிய பிறகு கைவைக்க முடியாது என்ற சமாதானமும் எடுபடாது. இதே கடலோர விதிகளை மீறியதற்காக உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, கொச்சியை அடுத்த மரடில் அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்கள் நான்கு 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இங்கே யாருடைய வீட்டையும் இடிக்கச் சொல்லவில்லை, கேட்டைத் திறக்கச் சொல்வதோடு சரி.

கடலோர விதிகள் மீறப்படுகின்றனவா என்று கவனிக்க, ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு இருக்க வேண்டும்; மீனவர் உள்ளிட்ட உள்ளூர்க் கடலோர மக்களில் மூவராவது அதில் இடம்பெற வேண்டும் என்றும் அறிவிக்கையே சொல்கிறது. கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எந்தெந்தப் பாதை கடலுக்குப் போகிறது, அதில் எது அடைபட்டிருக்கிறது என்று செங்கல்பட்டு மாவட்டக் குழு ஒரு பட்டியல் வெளியிடட்டும். திறந்த பாதைகளுக்கு மெயின் ரோட்டிலேயே தமிழில் பலகை வைக்கட்டும். ‘பிரைவேட் பீச்’ என்று விளம்பரம் செய்பவர்களுக்கு நோட்டீஸ் போகட்டும். காணும் பொங்கலன்று மெரினாவில் தடுப்பு கட்டி, கூட்டம் தண்ணீரில் இறங்காமல் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காவல்துறையால் பார்த்துக்கொள்ள முடிகிறது. இந்தப் பட்டியலுக்கு ஒரு சர்வேயரும் ஒரு சங்கிலியும் போதும். அடுத்த காணும் பொங்கலுக்கு முன்பே அதை முடித்துவிடலாம்.

— வாசகர் ஒருவர், கேளம்பாக்கம்